எருமைக்கு ஊசி, பேரனுக்குச் சாட்டு

வா தம்பி, இந்தத் திண்ணையில இரு. கட்டாருக்குப் போற அலுவல் எண்டு ஆச்சி சொன்னா. ஏஜென்சிக்காரன் கொரோனா ஊசி அட்டை கேட்டவனாம். தேடு, தேடு, வீடு முழுக்கக் கவிழ்த்துத் தேடு. அது எங்க கிடக்கெண்டு எனக்குத் தெரியும். இப்ப சொல்லமாட்டன். முதல்ல நான் கொஞ்சம் கதைக்கவேணும்.

2021 தை மாசக் கடைசியில, இந்தியா குடுத்த கோவிஷீல்டோட இந்த நாட்டில ஊசி துடங்கினது. மறுகா சீனாக்காரன்ட சைனோபாம் வந்து எங்கட ஈச்சிலம்பற்றையும் எட்டிப் பாத்தது. அண்டைக்குக் கிழடுகட்டைகள் வரிசையில நிண்ட கோலத்தை நீ காணயில்ல. "இண்டைக்கோ நாளைக்கோ போற கட்டை, எனக்கெதுக்கு ஊசி" எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச என்ட சிநேகிதன், விடிய அஞ்சரைக்கே வந்து வாசல்படியில குந்திட்டான். கையில தேத்தண்ணிப் போத்தல், மடியில வெத்திலை. கேட்டா, மனிசியைக் கூட்டி வந்தவனாம். மனிசி வீட்டில அடுப்படியில!

வராத கிழவனுகளும் இருந்தாங்க. ஊசி போட்டா ரெண்டு வருசத்தில சாவு எண்டு எவனோ வட்சப்பில அனுப்பினதை நம்பி, எண்பத்தெட்டு வயசில ஒரு ஆள் ஒளிச்சுத் திரிஞ்சார். நாட்டில கொரோனாவில செத்தவங்களில பெரும்பங்கு அறுபது தாண்டினவங்க எண்டு கேட்ட பிறகுதான் அவருக்குக் கால் வந்தது.

மறுகா உங்கட முறை. செப்டெம்பர் மாசம், நாடு பூட்டிக் கிடக்கேக்க, இருபது வயசுக்காரரெல்லாம் வாங்கோ எண்டாங்க. நீ எங்க போனாய்? ஆத்துக்கு அங்கால எருமை தேடப் போனாய். மூண்டு நாளா ஒரே எருமையைத் தேடினாய். அது பட்டியில நிண்டு அசைபோட்டுக்கொண்டு உன்னைப் பாத்துக்கொண்டிருந்தது.

"இளரத்தம், எங்களை ஒண்டும் செய்யாது" எண்டது வெளிச்சாட்டு. உள்சாட்டு ரெண்டு. சைனோபாம் போட்டா வெளிநாட்டுக்காரன் உள்ள விடமாட்டான், பைசர் வரட்டும் எண்டது ஒண்டு. அதில கொஞ்சம் நியாயம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் மே 7ஆம் திகதியே சைனோபாமுக்குத் தலையாட்டினாலும், கன நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிண்டது. மற்றச் சாட்டை நீ எனக்குச் சொல்லயில்ல. மதவடியில பொடியனுகள் குசுகுசுக்கேக்க கேட்டன். ஊசி போட்டா பிள்ளை பிறக்காதாம். அடே, இன்னும் பொம்பிளையே பாக்கயில்ல, அதுக்குள்ள பிள்ளைக் கவலை!

அந்த எருமைக்குக் கால்வாய் நோய் ஊசி போட மாட்டு டொக்டர் வாற நாளை, கலண்டரில சிவப்பு வட்டம் போட்டு வச்சவன் நீ. நாலு பேர் சேந்து கொம்பைப் பிடிச்சுப் போட்டீங்க. அது கண்டு போடாமலா விட்டது? அதின்ட பாலைத்தான் சட்டியில உறைய வச்சு றோட்டோரத்தில தயிரா விக்கிறாய். ஊசிக்கதையே மாட்டில இருந்து வந்ததுதான், தெரியுமா? 1796இல ஜென்னர் எண்ட வெள்ளைக்கார டொக்டர், பால் கறக்கிற பொம்பிளைட கையில கிடந்த மாட்டம்மைக் கொப்புளத்தில எடுத்துத்தான் ஒரு சின்னப் பொடியனுக்குப் போட்டுப் பாத்தவர். இந்தா, என்ட புயத்தைப் பார். இந்த வட்டம் அம்மைப்பால் குத்தின தழும்பு. இதுக்குப் பிறகு ஒம்பது பிள்ளை. உன்ட அப்பன் ஏழாவது.

கடைசியில ஆச்சிதானே உன்னைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனா. வரிசையில அவட முந்தானைக்குப் பின்னால நிண்டாயாம்.

சரி, போ. அட்டை ஆச்சிட சொப்பின் பைக்குள்ள கிடக்கு. 2006 சண்டையில வாகரைக்கு ஓடேக்க காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் சுத்திக்கொண்டு போனாவே, அதே பை. எடுத்துப் பார், ரெண்டு ஊசிதான் பதிஞ்சு கிடக்கும். மூண்டாவதா பிறகு போட்டது நீ காத்துக்கொண்டு கிடந்த பைசர்தான். சும்மா போட்டாங்க.

எங்க எழும்புறாய்? எருமை பட்டியிலதான் நிக்குது, இப்பதான் பாத்திட்டு வாறன்.