பதினொரு நிமிடக் காபி

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை லேப்டாப்பின் பொத்தானை அமுக்குவது. பிறகு வாசலில் தொங்கும் பால் பாக்கெட்டை எடுத்து வந்து, காய்ச்சி, டிகாக்‌ஷன் கலந்து, பேப்பரைக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம்வரை படித்துவிட்டு வந்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். வட்டம் நின்ற பிறகு ஐகான்கள் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றாக, அவரவருக்குத் தோதான நேரத்தில் வந்து உட்காரும். ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 11 நிமிடம். அதற்குள் எங்கள் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கிவிடும்.

2014இல் வாங்கிய லேப்டாப். எனக்குச் சோறு போடுவது மொழிபெயர்ப்பு. அந்தத் தொழிலில் கெடு தவறுவது சகஜம். பதிப்பகத்திலிருந்து போன் வந்து, "சார், அந்த ஏழாவது அத்தியாயம்?" என்று கேட்டால், "சிஸ்டம் ஆன் ஆகிட்டே இருக்கு" என்பேன். வருஷக்கணக்காக இதே பதில். ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன் ஐந்து நிமிடம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, இதுல என்ன டைப் பண்றீங்க, கல்வெட்டா?" என்றான். ஓசூரில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். பிராசஸர் 6 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். "பாருங்க, பிராசஸர் சும்மா கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கு. டிஸ்க்தான் உசுரை விடுது. ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்க."

விஷயம் எனக்கு உடனே புரிந்தது. காரணம், தாத்தா நிலத்துப் பத்திரத்துக்காக ஒரு காலத்தில் ரிக்கார்டு ரூம் வாசலில் தவம் கிடந்தவன் நான். உள்ளே ஒரே ஒரு பெரியவர். ஒரு நம்பரைச் சொன்னால் எழுந்து போவார், ஏணியைச் சாய்ப்பார், ஏறுவார், கட்டை அவிழ்ப்பார், தூசி தட்டுவார், கொண்டு வருவார். அவர்மேல் குற்றமே இல்லை. ஆனால் அடுத்த நம்பர் எதிர்ச் சுவரில் இருக்கும்.

ஹார்டு டிஸ்க்கும் அந்தப் பெரியவர்தான். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிறது. அதன்மேல் ஒரு கை, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில், தட்டைத் தொடாமல் அங்கும் இங்கும் ஓடித் தேடுகிறது. ஒரு தடவை தேட நூற்றில் ஒன்றிரண்டு வினாடிதான் ஆகும். ஆனால் விண்டோஸ் கண்விழிக்கும்போது கேட்கிற ஆயிரக்கணக்கான துண்டுகள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. வினாடிக்கு நூறு துண்டைக்கூட எடுத்து முடியாமல் பெரியவர் ஏணியும் கையுமாக அலைகிறார். எஸ்எஸ்டியில் தட்டும் கிடையாது, கையும் கிடையாது. எல்லாம் சிப். எந்த மூலையில் இருந்தாலும் எடுக்க ஏறக்குறைய ஒரே நேரம். வினாடிக்குப் பத்தாயிரக்கணக்கில் எடுத்து நீட்டும்.

பெரியவரைக் குறைத்துப் பேசவும் மனசு வரவில்லை. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. ஒரு டன் கனம். அவ்வளவு இரும்பும் சேர்ந்து தாங்கியது 50 லட்சம் எழுத்து. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பும் காலை வணக்கம் வீடியோவைக்கூட அதில் முழுசாக வைக்க முடியாது.

மறுவாரம் ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் போதும், "லேப்டாப்பா சார், சிசிடிவியா சார்" என்று ஆள் மாற்றி ஆள் நம்மைக் கையில் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரு கடையில் போய், "500 ஜிபி எஸ்எஸ்டி" என்று கேட்டேன், என்னவோ தினமும் வாங்குகிறவன் மாதிரி. சூயிங்கம் பட்டை அளவில் ஒன்றைக் கொடுத்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் லேப்டாப்பில் அதைச் செருக இடமே இல்லை.

மறுநாள் திரும்பப் போனேன். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைக்காரர், "லேப்டாப் எந்த வருஷம் சார்?" என்றார். சொன்னேன். பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "அதுக்கு சாட்டாதான் சார் போடணும்" என்று உள்ளே போய், சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தார். எந்த வகை என்று கேட்டு வாங்காதது என் தப்பு. அவர் அதைச் சொல்லவில்லை, நல்ல மனுஷன்.

என் மனைவி அதை வாங்கி, தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் காதருகே வைத்து ஆட்டினாள். "உள்ள ஒண்ணுமே இல்லையே. ஏமாத்திட்டாங்களா?" அவள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. அந்தப் பெட்டிக்குள் பாதிக்கு மேல் காற்றுதான். பழைய டிஸ்க் இருந்த இடத்தில் பொருந்த வேண்டுமே என்பதற்காக அந்த அளவில் செய்கிறார்கள்.

முதலில் பழையதில் இருப்பதை அப்படியே புதுசுக்கு நகலெடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு யுஎஸ்பி கேபிள், ஒரு மென்பொருள். இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். பாக்குவெட்டி சத்தத்தோடு பெரியவர் ராத்திரி முழுக்க உழைத்தார். 38 சதவீதத்தில் ஒரு மணி நேரம் நின்றபோது நான் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டதை இங்கே பதிவு செய்கிறேன். விடிகாலை நான்கு மணிக்கு முடிந்தது. 500 ஜிபி என்று வாங்கியது திரையில் 465 என்று காட்டியது. தயாரிப்பவர்கள் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார்கள். விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1,024ஆல் மூன்று தடவை பெருக்குகிறது. அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போடும் மிட்டாய்க் கடைக்குப் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

அடுத்தது அறுவை சிகிச்சை. யூடியூபில் ஒரு பையன் இந்தியில் விளக்கினான். எனக்குப் புரிந்த ஒரே சொல் "ஆசான்". சுலபம் என்று அர்த்தமாம். கழற்றும் ஸ்க்ரூக்களை வரிசை மாறாமல் வைக்கச் சொன்னான். நான் அடுப்படியிலிருந்து இட்லித் தட்டை எடுத்து வந்தேன். குழிக்கு ஓர் இனம்: நீளம், நடுத்தரம், குட்டை. இப்படி ஒரு ஏற்பாடு வேறு யாருக்காவது தோன்றியிருக்குமா என்று உள்ளூரப் பெருமை. அடிமூடியை நெம்பினேன். வரவில்லை. இன்னும் நெம்பினேன். 'டக்'. எலும்பு முறிந்த மாதிரி ஒரு சத்தம். ஆனால் கிளிப் விடுபட்டதுதான். அந்த அதிர்ச்சியில் முழங்கை பட்டு இட்லித் தட்டு நகர, இருந்ததிலேயே குட்டி ஸ்க்ரூ ஒன்று ஆவி வருகிற ஓட்டை வழியாகக் கீழே இறங்கிப் போயே போய்விட்டது.

தரையில் கவிழ்ந்து படுத்து, செல்போன் விளக்கில் தேடிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "பணியாரக் கல்லை எடுத்திருக்கலாம்ல? அதுல ஓட்டை கிடையாது."

ஸ்க்ரூ சோபாவுக்கடியில் கிடைத்தது. போன வருஷம் தொலைந்த பேனா மூடியும்தான். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதுசு 7. வைத்தால் ஆடியது. தினசரிக் காலண்டர் அட்டையில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன். செருகும்போதுதான் கவனித்தேன், அதில் ராகு கால அட்டவணை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று மூடினேன்.

பொத்தானை அமுக்கியதும் 17 வினாடியில் திரை முழுசாக வந்து நின்றது. பாக்குவெட்டி சத்தம் இல்லை, சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வேனில் வந்து இறங்கியாயிற்று. நம்பாமல் அணைத்து, மறுபடி போட்டேன். 17. அக்கா மகனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "ஏழாவது அத்தியாயம் முடிஞ்சிருச்சா மாமா?" என்றான். இவனுக்கு யார் சொன்னது?

பதிப்பகத்துக்கு இப்போது என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நெட் ஸ்லோ என்று ஒரு வாரம் ஓட்டினேன்.

கைப்பழக்கம் மட்டும் மாறவில்லை. இன்று காலையிலும் பொத்தானை அமுக்கிவிட்டு, பால் பாக்கெட் எடுத்து, காய்ச்சி, கலந்து, கண்ணீர் அஞ்சலிவரை படித்துவிட்டுத்தான் வந்தேன். எனக்காகக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், லேப்டாப் திரையை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தது.