சீசர் அப்பா

வங்கியில் 36 வருஷம் குப்பை கொட்டி, வட்டார மேலாளராக ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மேனேஜர் சார்'. வீட்டுக்குள் ஒரு லாப்ரடார் குட்டி வந்ததும் அந்தப் பட்டம் பறிபோனது. இப்போது அவர் 'சீசர் அப்பா'. சொந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கூட யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நங்கநல்லூர், அண்ணா நகர், கோவையில் ஆர்.எஸ்.புரம் என்று எங்கே போனாலும் விடிகாலையில் ஒருவர் கண்ணில் படுவார். முக்கால் பேன்ட், பையன் வாங்கிக் கொடுத்த ஷூ, மார்கழியானால் மஃப்ளர், ஒரு கையில் லீஷ், இன்னொரு கையில் பழைய நாளிதழும் பிளாஸ்டிக் கவரும். குட்டியை அவர் ஆசைப்பட்டு வாங்கியிருக்க மாட்டார். பெங்களூரில் இருக்கும் பையன் ஆசைப்பட்டு வாங்கி, "ஒரு மாசம் மட்டும் பார்த்துக்கோங்கப்பா" என்று விட்டுவிட்டுப் போயிருப்பான். பையன்களின் அகராதியில் ஒரு மாசம் என்றால் சுமார் பன்னிரண்டு வருஷம். லாப்ரடாரின் ஆயுசும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சீசர் அப்பா நாயை வாக்கிங் கூட்டிப் போவதில்லை. நாய்தான் அவரை இழுத்துக்கொண்டு போகிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் அவருக்கு மனசு வராது. டீக்கடைக்கு இழுத்துப்போனால், அங்கே தொங்கும் பேப்பர் போஸ்டரை உன்னிப்பாகப் படிப்பார். குப்பைத் தொட்டிக்கு இழுத்துப்போனால், "கார்ப்பரேஷன் வண்டி வந்துச்சான்னு பார்க்க வந்தேன்" என்பார். கோயில் மதிலோரம் போய் நின்றால், பிரதோஷம் என்றைக்கு என்று பூக்காரம்மாவிடம் விசாரிப்பார். ஒரு நாள் குட்டி நேராக அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டு கேட்டுக்குள் புகுந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் தகராறில் இரண்டு பேரும் பேசிப் பல வருஷம் ஆகிறது. வேறு வழியில்லை. "சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்றார். உள்ளேயிருந்து காபி வந்தது. இப்போது ரெண்டு குடும்பமும் சேர்ந்து காஞ்சிபுரம் போய்வருகிற அளவுக்கு ராசி.

குட்டி இழுப்பதற்குக் காரணம் திமிர் அல்ல. நாய்க்கு இயல்பாக வரும் நடை நம்முடையதைவிட வேகம். அதோடு மூக்கின் உபத்திரவம் வேறு: ராத்திரி எந்த நாய் எந்தக் கம்பத்தில் என்ன எழுதிவைத்தது என்பதைத் தீர விசாரிக்காமல் அது நகராது. இதில் நம்மவர் பங்கு ஒன்று உண்டு. லீஷ் விறைத்ததும் இவரும் பின்னாலேயே நாலு எட்டு வைக்கிறார். குட்டியின் கணக்கில் அது கேட்ட கடன் கிடைத்த மாதிரி. இழுத்தால் தெரு நகர்கிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. ஜாமீன் இல்லாமல் யாருக்கும் பத்து ரூபாய் கொடுக்காத மேனேஜர், சீசருக்கு மட்டும் தினமும் நூறு தடவை சாங்ஷன் போடுகிறார்.

வைத்தியம் ரொம்ப எளிது, கால்நடை மருத்துவரே விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். தடுப்பூசியெல்லாம் முடிகிற வரைக்கும், அதாவது நாலு மாசம் போல, தெருவே வேண்டாம். பார்வோ வைரஸ் பொல்லாதது. அதுவரை வீட்டுக்குள்ளேயே கழுத்துப் பட்டையும் லீஷும் பழகட்டும். வெளியே வந்த பிறகு, லீஷ் விறைத்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, திட்டவும் கூடாது. குட்டி திரும்பிப் பார்த்து, லீஷ் தளர்ந்ததும் நடக்கலாம். முழங்கால் பக்கத்தில் வந்து சேர்ந்தால் அந்த இடத்திலேயே வாய்க்கு ஏதாவது ஒரு துணுக்கு. பாடம் பத்து நிமிஷம் நடந்தால் போதும், அதற்கு மேல் குட்டியின் கவனம் நிற்காது. மீதி நேரம் அது இஷ்டத்துக்கு மோந்து பார்க்கட்டும்.

இவ்வளவும் சீசர் அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். பூங்கா வாசலில் நாயோடு யார் வந்தாலும் நிறுத்தி வகுப்பெடுப்பார். பாவ்லோவ் கட்டாயம் வருவார். வங்கிப் பயிற்சிக் கல்லூரியில் கேட்ட சொற்பொழிவின் மிச்சம். "நாய்க்கு மணியடிச்சே நோபல் வாங்கினவர் சார்" என்பார். 1904-ல் அவருக்கு நோபல் கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு. அதைச் சொல்லப்போனால் வகுப்பு இன்னும் அரை மணி நீளும் என்பதால் நான் சொல்வதில்லை. அந்த அரை மணிக்குள் சீசர் லீஷை ஒரு ஸ்கூட்டர், ஒரு தூங்குமூஞ்சி மரம், கேட்டுக்கொண்டிருக்கும் ஆசாமி மூன்றையும் சேர்த்துச் சுற்றியிருக்கும்.

தெரிந்ததைச் செய்ய அவரால் முடியாததற்குக் காரணம், நடுத்தெருவில் சும்மா நிற்க வேண்டும் என்பதுதான். 36 வருஷம் தன் அறை வாசலில் மற்றவர்களை நிற்க வைத்தவர், நாலு மாசக் குட்டிக்காக நாலு பேர் பார்க்க நிற்பதா? ஒரே ஒரு நாள் முயன்றார். பால் பாக்கெட் வாங்கப் போன எதிர்வீட்டு மாமி, "என்ன மாமா, நின்னுட்டேளே, தலை சுத்தறதா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று நடையைக் கட்டினார். முன்னால் சீசர், வெற்றி வேல் வீர வேல்.

நிற்க முடியாதவர் வேறென்ன செய்வார், சாமான் வாங்குவார். முதலில் வந்தது பட்டனை அழுத்தினால் அஞ்சு மீட்டர் வரை ஓடும் சுருள் லீஷ். குட்டி இழுக்க இழுக்க நீளம் கொடுக்கிற சாதனம் அது; இழுப்பதற்கு ஊக்கத்தொகை. அப்புறம் கழுத்தை இறுக்கும் சங்கிலி. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் கழற்றி மேஜை மேல் வைத்து, "குட்டியோட தொண்டை சார் இது" என்று கடிந்துகொண்டார். அடுத்தது முதுகில் வளையம் உள்ள ஹார்னெஸ். பனிப் பிரதேசத்தில் ஸ்லெட்ஜ் இழுக்கும் நாய்களுக்கும் பின்பக்கம்தான் பூட்டுவார்கள், நெஞ்சைக் கொடுத்து வசதியாக இழுக்கத் தோதாக. கடைசியில் நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ளது வந்தது. அதில் இழுத்தால் குட்டி தானாகவே பக்கவாட்டில் திரும்பும், உருப்படியான சாமான்தான். ஆனால் திரும்பின குட்டி நின்று பார்க்க எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டுமே!

தீனி விஷயத்தில் வேறு பஞ்சாயத்து. வேகவைத்த கோழித் துணுக்கு உத்தமம் என்றார் மருத்துவர். சைவ வீடு. அவர் வீட்டு மாமி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. பனீரைப் பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கி டப்பாவில் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இவர் பனீர் நறுக்குவதைப் பார்த்து மாமி கேட்டது: "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு கத்திரிக்காய் நறுக்கிக் கொடுத்திருக்கேளா?"

கட்டளைகள் எல்லாம் இங்கிலீஷில். லாப்ரடார் சீமை ஜாதி, அதனால் போகட்டும் என்றால், ராஜபாளையம் வளர்க்கிறவரும் "சிட், ஸ்டே" என்றுதான் அதட்டுகிறார். 2005-ல் இந்திய அஞ்சல் துறையே தபால்தலை போட்டு கௌரவித்த நம்மூர் நாய் அது! சீசர் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். இவர் "ஹீல்" என்கிறார், மாமி "வாடா கண்ணா" என்கிறார், பேத்தி "கம் பேபி" என்கிறாள், வேலை செய்யும் அக்கா "ஏய், தள்ளு" என்கிறார். ஒரு காரியத்துக்கு வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னால்தான் குட்டிக்குப் பிடிபடும். இப்போதைக்கு அது மதிப்பது "தள்ளு" ஒன்றைத்தான்.

சித்திரை வெயிலில் இன்னொரு சங்கடம். தார் ரோடு கொதிக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஏழெட்டு விநாடி நம் கை தாங்காவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது. இவர் குனிந்து ரோட்டில் கை வைத்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ நின்றது. "என்ன தேடுறீங்க பெரியவரே?" சீசர் அப்பா யோசிக்கவே இல்லை. "ரெண்டு ரூபா காயின் விழுந்துடுச்சு." ஆட்டோக்காரர் நல்ல மனுஷன், இறங்கித் தேட ஆரம்பித்துவிட்டார்.

இத்தனைக்கும் சீசர் ஒழுங்காக நடக்கிற ஆள் ஒருவர் உண்டு. எங்கள் தெரு வாட்ச்மேன், செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். சாருக்கு முழங்கால் வலி வந்த வாரம் அவரிடம் லீஷ் போனது. குட்டி இழுத்தது. அவர் நின்றார், அவ்வளவுதான். குட்டி முன்னங்காலைத் தூக்கித் தாவியது, முனகியது, லீஷைக் கவ்விக் கடித்தது. அவர் எதிர் மாடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இவரைத் திரும்பிப் பார்த்தது. லீஷ் தொய்ந்து தரையைத் தொட்டது. அப்போதுதான் அவர் ஓர் எட்டு வைத்தார். அது மறுபடி இழுத்தது, இவர் மறுபடி நின்றார். அன்றைக்கு அவர்கள் மொத்தம் நாலு வீடு தாண்டியிருந்தால் அதிகம். வாரக் கடைசியில் பிள்ளையார் கோயில் வரை லீஷ் தொங்கத் தொங்கப் போய்வந்தார்கள்.

"எப்படிங்க?" என்று கேட்டேன்.

"நிக்கிறதுதானே சார் நம்ம வேலை" என்றார்.

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சீசர் அப்பா குரல் கொடுத்தார்: "எல்லாம் நான் கொடுத்த டிரெய்னிங்!"

முழங்கால் தேவலையாகி இப்போது அவரே மறுபடி கிளம்பியிருக்கிறார். வாட்ச்மேனைப் பார்த்து ரோஷம் வந்து, நிற்கவும் பழகிக்கொண்டிருக்கிறார். எனவே தெருவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். விடிகாலையில் ஒரு பெரியவர் லீஷும் கையுமாக நடுத்தெருவில் அசையாமல் நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்காதீர்கள், முக்கியமாக "என்ன சார் ஆச்சு?" என்று கேட்காதீர்கள். கேட்டால் நடந்துவிடுவார்.