வெயிலுக்கும் பங்காளி உண்டு

எனக்கு முதலில் வந்த ஆசை காற்றாலைமேல்தான். கன்னியாகுமரி போகும் வழியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வரிசை கட்டிச் சுற்றுகிற அந்த ராட்சத இறக்கைகளைப் பார்க்கிற எவனுக்கும், நம் வீட்டு மாடியில் குட்டியாக ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். தோன்றியதோடு சும்மா இருப்பான். நான் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

காரைக்குடியில் அப்படி வாயைவிடக் கூடாது. 1948-இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாங்கள் சிக்ரி என்று சொல்வது, இங்கேதான் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருப்பவர் அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவராக இருப்பார். இருந்தார்.

“தம்பி, காத்து வேகம் பாதியாக் கொறைஞ்சா கரண்டும் பாதியாக் கொறையும்னு நெனைக்காதீக. எட்டுல ஒண்ணாப் போயிரும். முப்பந்தலுக்கு மலைக் கணவாய் வழியாக் காத்து வருது. நமக்கு எது வழியா வரும்?”

“ஆடி மாசம்...” என்று இழுத்தேன்.

“நம்ம ஊரு ஆடிக் காத்துல அம்மி பறக்கிறது இருக்கட்டும். கொடியில வேட்டி பறக்கட்டும், பாப்போம்.”

சரி, காற்று இல்லாவிட்டால் வெயில். அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. ஆனால் எங்கள் வீடு இருக்கிறதே, இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். கட்டிய ஐயாக்கள் பர்மாவில் சம்பாதித்ததையெல்லாம் தேக்காகவும் சுண்ணாம்பாகவும் மாற்றி, வெயில் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில் கட்டியிருக்கிறார்கள். அந்த வெயிலை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் புறப்பட்ட பேரன் நான்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். கணக்கு தேன்போல இனித்தது. கூரைதான் ஊர்ப்பட்டது இருக்கிறதே! ஆனால் வளவைச் சுற்றி எல்லாம் நாட்டு ஓடு. பூனை நடந்தாலே நாலு ஓடு நகரும். மிச்சம், முகப்புக்கு மேலே இருக்கிற மொட்டை மாடி. அது பொது.

பொது என்றால் என்னவென்று செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரி ரசீது இன்னும் ஐயா பேரில். பங்காளிகள் சென்னையில், கோவையில், கோலாலம்பூரில், ஒருவர் நியூஜெர்சியில். வாட்ஸப்பில் விஷயத்தைப் போட்டேன். கோவைத் தம்பி, “அண்ணே, என் பங்கு வெயிலுக்கு என்ன கணக்கு?” என்று கேட்டான். கோலாலம்பூர் அண்ணன், முகப்பின் அழகு கெட்டுவிடும் என்று வருத்தப்பட்டார். அவர் முகப்பைப் பார்த்தே பல வருஷம். நியூஜெர்சி கட்டைவிரல் மட்டும் காட்டியது. அது சம்மதமா, ‘பார்த்தேன்’ என்று அர்த்தமா என்று மற்றவர்கள் ஒரு வாரம் விவாதித்தார்கள். கடைசியில் எல்லோரும் முன்னோர் படைப்புக்கு வந்தபோது, பாயசத்துக்கு அப்புறம், யாராலும் எழுந்து ஓட முடியாத நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்கினேன்.

பேனல் ஏறியது. நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் போல வரும் என்றார்கள். அக்கினி நட்சத்திரத்தில் அள்ளிவிடலாம் என்று நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தானாம், சூடு ஆகாதாம். அதன்மேல் எழுதியிருக்கிற வாட் எல்லாம் பேனல் 25 டிகிரியில் இருந்தால் கிடைப்பது. அதற்கு மேல் சுட்டால் டிகிரிக்குக் கொஞ்சமாகச் சுரத்துக் குறையும். காரைக்குடியில் மொட்டை மாடியில் 25 டிகிரி மார்கழி விடியற்காலையில் இருக்கும், சூரியன் இருக்காது. போதாததற்குச் செம்மண் தூசி. காலையில் வாளியும் துடைப்பமுமாக ஏறிக் கழுவுகிறேன். அதற்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடுகிறது.

அப்புறம் ஒருநாள் பட்டப்பகலில் கரண்டு போனது. எனக்கு உள்ளூரக் குஷி. தெருவே விசிறியைத் தேடும்போது நம் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றும் என்று வளவு ஊஞ்சலில் போய் உட்கார்ந்தேன். ஃபேன் நின்றது. லைனில் கரண்டு இல்லையென்றால் இந்த வகை இன்வெர்ட்டர் தானாகப் படுத்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவருக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். வேண்டுமென்றால் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியாக வாங்க வேண்டும். பேட்டரி ஆராய்ச்சிக்கே பேர்போன ஊரில் பேட்டரி வாங்காமல் விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டு ஆச்சி பனைவிசிறியை என் மடியில் வைத்துவிட்டு, “இதுக்கு மானியம் உண்டா?” என்றாள்.

இதற்கிடையே கிரைண்டர், வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி எல்லாம் உச்சி வெயிலில்தான் ஓட வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன். மாவரைக்கிற நேரத்தை மாற்றியதில் எனக்கு இட்லியே நின்றுபோனது. ரீடிங் எடுக்க வந்த தம்பி சாவகாசமாகச் சொன்னான்: “ஐயா, இது நெட் மீட்டர். பகல்ல நீங்க கொடுத்ததை ராத்திரி எடுத்ததுல கழிச்சிருவோம். எப்பப் போட்டாலும் ஒண்ணுதான்.” அடுப்படியிலிருந்து சத்தமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இத்தனைக்கும் பில் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆகையால் அடுத்த படைப்புக்கு வரும் பங்காளிகளுக்கு ஒரே விண்ணப்பம்: ஏசியை எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மாடியில் பளபளவென்று சரிவாக இருக்கிறதே என்று அதன்மேல் மோர் மிளகாய் காயப்போடாதீர்கள். ஒரு பேனலில் விழுகிற மறைப்பு, அதோடு கோத்திருக்கிற மற்ற பேனல்களையும் இழுத்துக்கொண்டு போகும்.