வாளியில் வந்த கடல்

தாமிரபரணி கடலில் விழுகிற புன்னக்காயலில் ஒருவர் முதன்முதலாகக் கடல்மீன் தொட்டி வைக்க நினைத்தால், முதல் செலவு உப்புக்கு. தூத்துக்குடி அளங்களில் அம்பாரமாகக் கிடக்கிறதே என்று கேட்காதீர்கள், அது சமையலுக்கு. தொட்டிக்கு, கால்சியமும் மெக்னீசியமும் அளந்து கலந்த உப்பு வாளியோடு கூரியரில் வர வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

"ஏலே, கடல் அந்தாதான கெடக்கு, ஒரு கொடம் மோந்துட்டு வாயேம்ல" என்பார் தாத்தா. வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞானம் பேரன் பக்கம். முகத்துவாரத்தில் ஆற்றுநீர் கலந்து உப்பளவு ஏறி இறங்கும். ஐப்பசி மழைக்குச் சேறும் வரும்.

பிறகு காத்திருப்பு. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா குடியேற நான்கைந்து வாரமாவது ஆகும். அதுவரை தெருவே வந்து மீனில்லாத தண்ணீரைப் பார்த்து, மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போகும்.

பவளம்? மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி நிறைய உண்டு. ஒரு காலத்தில் வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். 1986-இல் அப்பகுதி தேசியப் பூங்காவானது. 2001-இல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில், இடம்பிடித்தன. எனவே நம்மவர் தொட்டியில் பிளாஸ்டிக் பவளம். பல வண்ணத்தில் கிடைக்கிறது, வெளுப்பதுமில்லை.

கடைசியில், பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி வந்திறங்கும். பாட்டி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "இது கொழம்புக்குக் காணாதே மக்கா."