மகாராஜாவின் பூர்வீகம்

ஆரணிக்காரர்களிடம் ராஜ பந்தா காட்டிப் பயனில்லை. ஜாகீர்தார்களையே பார்த்த ஊர். ஆனால் அந்த ஊர்ப் பட்டோடு ஏர் இந்தியாவில் ஏறுகிறவர்கள்கூட, கும்பிட்டு நிற்கும் அந்த மீசைக்கார மகாராஜா எந்த சமஸ்தானம் என்று விசாரிப்பதில்லை. விசாரிக்காததே நல்லது. 1946-ல் ஏர் இந்தியாவின் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் ஒரு மெமோ பேடுக்காக உருவாக்கிய ஆள் அவர்!

சரி, கம்பெனியாவது அரண்மனையில் பிறந்ததா? அதுவும் இல்லை. 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு கிளம்பி, வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். விமானத்துக்குப் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில்.

பம்பாயில் இறங்கிய இடம் ஜுஹு. இன்று சினிமா நட்சத்திரங்கள் குடியிருக்கும் ஏரியா; அன்று வெறும் மண் திடல். மழைக்காலம் வந்தால் சேறு. ஏர்போர்ட்டே மூட்டை கட்டிக்கொண்டு புனே போய்விடும்! பம்பாயிலிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம் மதராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்தார். பயணிகளா? முதல் வருஷம் மொத்தமே 155 பேர். தபால் மூட்டைதான் பிசினஸ் கிளாஸ் சீட்.

1953-ல் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. டாடா மட்டும் சேர்மனாகத் தொடர்ந்தார், சம்பளம் இல்லாமல். விமானத்தில் ஏறினால் டாய்லெட் சுத்தமா என்று எட்டிப் பார்ப்பாராம். நம் ஊரில் வார்டு மெம்பர்கூட அந்த வேலையைச் செய்யமாட்டார். சம்பளமே வாங்காதவரை எப்படி வேலையிலிருந்து தூக்குவது? 1978-ல் மொரார்ஜி அரசு அதையும் சாதித்துக் காட்டியது.

பந்தா விஷயத்துக்கு வருவோம். 1967-ல் ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி ஏர் இந்தியாவுக்கு ஒரு ஆஷ் ட்ரே டிசைன் செய்தார். ஃபீஸ்? ஒரு யானைக் குட்டி! கொடுத்தார்களே, அதைச் சொல்லுங்கள். ஸ்பெயினுக்கே அனுப்பிவைத்தார்கள்.

உச்சம் 1971. இந்திரா காந்தி மன்னர் மானியத்தை ஒழித்த வருஷம். நிஜ மகாராஜாக்கள் அரண்மனையை ஹோட்டலாக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நம் மெமோ பேடு மகாராஜாவுக்கு 'எம்பரர் அசோகா' என்ற ஜம்போ ஜெட் வந்து சேர்ந்தது. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் வளைவுகள். விளம்பரத்தில் 'வானத்தில் ஓர் அரண்மனை'.

கடைசியில் 2022 ஜனவரியில் டாடாக்களே திரும்ப வாங்கினார்கள். விலை 18,000 கோடி ரூபாய். அதில் 15,300 கோடி, தலையில் ஏற்றுக்கொண்ட கடன். அடடே, அன்றைக்குத்தான் மனிதர் அசல் மகாராஜாவாகத் தெரிந்தார்.