ஆறு மாதம், மூன்று மாதம்

தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மதுரையில் எங்கள் தெருவில் யாரையாவது நாய் கடித்தால், நாள் தவறாமல் பெரியாஸ்பத்திரிக்கு நடையாய் நடப்பார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா முழுதாகக் கைவிட்டது 2004-இல்தான். அதனால் 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்தபோது, துறைமுகத்தில் ஒட்டியிருந்த ரேபிஸ் எச்சரிக்கைச் சுவரொட்டிகள் எனக்கு மிகையாகத் தெரியவில்லை. அறிகுறி வெளிப்பட்ட பிறகு ரேபிஸ் ஆளை விடுவதில்லை என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்போதைய சட்டம் ஒரே வரிதான். வெளிநாட்டிலிருந்து வரும் நாய்க்கு 6 மாதம் குவாரண்டைன், செலவு நாய்க்காரருடையது. அந்தப் பிடிவாதத்துக்கு வரலாறு இருந்தது. 1902-இல் நாட்டை விட்டே ஒழித்த நோயை, முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்கள் மறுபடி உள்ளே விட்டன. அதை அடக்க 1922 வரை ஆனது.

எங்களுக்குப் பழக்கமான திருச்சி அண்ணன் ஒருவர் வேலை மாறி வந்தபோது லாப்ரடாரையும் அழைத்து வந்தார். குவாரண்டைனில் இருந்த அதைப் பார்க்க அவரோடும் அண்ணியோடும் நானும் போயிருக்கிறேன். சிமெண்டுத் தரை, கம்பிவலை, பக்கத்தில் கொஞ்சம் நடமாட இடம். வெளியே உலாவ விடமாட்டார்கள். அண்ணி உள்ளே போய் உட்கார்ந்ததும் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். கிளம்பும்போது வலையில் காலைத் தூக்கி வைத்துக் குரைக்கும். "ஊர்லயே யார்கிட்டயாவது விட்டுட்டு வந்திருக்கணும்" என்று வண்டியில் வழிநெடுக அழுவார். ஊரில் வருடம் தவறாமல் தடுப்பூசி போட்ட நாய் அது. அந்தச் சீட்டுக்கு இங்கே மதிப்பே இல்லை. என்னால் பொறுக்க முடியாமல் போனது இதுதான். பயம் நியாயமானது, ஆனால் தடுப்பூசி போட்ட நாயையும் போடாத நாயையும் சட்டம் ஒரே கண்ணால் பார்த்தது.

6 மாதமும் முழுக் காப்பு இல்லை. 1969-இல் கேம்பர்லியில், ஜெர்மனியிலிருந்து வந்து குவாரண்டைனை முறையாக முடித்து வெளியே வந்த ஒரு நாய்க்கு அதன் பிறகுதான் ரேபிஸ் கண்டது.

2000 பிப்ரவரியில் கதவு கொஞ்சம் திறந்தது. மைக்ரோசிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை மூன்றும் சரியாக இருந்தால், மேற்கு ஐரோப்பிய நாய்கள் குவாரண்டைன் இல்லாமல் நுழையலாம் என்றார்கள். இந்திய நாய்களுக்கு அந்த வழி கிடைக்க 2012 ஜனவரி வரை ஆனது.

போன வருடம் அக்கா மகள் சென்னையிலிருந்து தன் நாட்டு நாயைக் கூட்டி வந்தாள். முதலில் சிப், அதன் பிறகே தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசியை மறுபடி போட வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. இங்கிலாந்துக்குள் நுழைவதற்கு முந்தைய 5 நாளுக்குள், ஆனால் 24 மணி நேரத்துக்குக் குறையாமல், நாடாப்புழு மருந்து. இங்கிலாந்துக்கு விமானத்தில் சரக்காகத்தான் வர வேண்டும். மடியில் வைத்துக் கொண்டுவர முடியாது.

"டெஸ்ட்ல நல்லா வந்திருச்சே மாமா, அப்புறம் எதுக்கு மூணு மாசம்?" என்று அவள் போனில் கேட்டாள். நான் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்ததைச் சொன்னேன். ரத்தம் எடுக்கும் முன்பே நாய்க்கு நோய் தொற்றியிருந்தால், அது வெளியே தெரிய அவகாசம் வேண்டும். அந்த அவகாசம்தான் 3 மாதம். அந்த நாள்களைக் கம்பிவலைக்குள் கழிக்காமல், அக்கா வீட்டுத் திண்ணையில் அது கழித்ததே எனக்குப் பெரிய மாற்றம். ஹீத்ரோவில் விலங்கு வரவேற்பு மையத்தில் சிப்பையும் காகிதங்களையும் சரிபார்த்து, அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

விதி இளகியதும் அதை ஏய்ப்பவர்களும் வந்துவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் குட்டிக்கு 12 வாரம் முடிந்துதான் தடுப்பூசி, அதன் பிறகு 21 நாள். அதாவது 15 வாரத்துக்கு முன் அது எல்லை தாண்டக் கூடாது. பால் மறந்த குட்டிக்கு வயதைக் கூட்டி எழுதிக் கடத்துகிறார்கள். இது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. தேதியை நம்பித்தான் அந்தக் கம்பிவலையை எடுத்தார்கள். அது பொய்யானால் நாய்க்கும் ஆபத்து, அதை வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து. ருமேனியாவிலிருந்து வந்த நாய்களில் புருசெல்லா கேனிஸ் என்ற நோய்க்கிருமி கண்ட பிறகு, மீட்பு அமைப்புகள் பலவும் அதற்கும் சோதிக்கின்றன. அது கட்டாயமாக வேண்டும் என்பது என் கட்சி.

சென்ற மாதம் அக்கா மகளின் தோழி, ஆன்லைனில் பார்த்த ஒரு குட்டிக்கு முன்பணம் கட்டப் போனாள். "சிப் போட்ட தேதி, ஊசி போட்ட தேதி, ரெண்டையும் அனுப்பச் சொல்லு. அனுப்பலைன்னா அந்தப் பக்கமே போகாதே" என்றாள் இவள். தேதிகள் வரவில்லை, தோழி பணம் கட்டவில்லை.