நிகழ்காலம் நான்கு வகைப்படும்

ஆங்கிலத்தில் பிரசன்ட் டென்ஸ் நடத்த ராமேஸ்வரத்தைவிடத் தோதான ஊர் இந்தியாவில் இல்லை. எடுத்துக்காட்டுக்காக எங்கும் அலைய வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் போதும். ஆனாலும் நம் பிள்ளைகளின் நோட்டில் இன்றுவரை ஜான்தான் பந்து விளையாடுகிறான். மேரிதான் கடிதம் எழுதுகிறாள். யார் இந்த ஜான்? எந்தத் தெரு? ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் கார்டே இல்லாத இந்த இரண்டு பேரையும் முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாடத்துக்கு வருவோம்.

முதல் வகை, சிம்பிள் பிரசன்ட். வழக்கமாக நடப்பதற்கும் என்றும் மாறாத உண்மைக்கும் உரியது. சூரியன் கிழக்கே உதிக்கிறது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கிறது. மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்கிறது. முதல்வர் டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறார். மூன்றாவதும் நான்காவதும் இலக்கணப்படி முதல் இரண்டோடு ஒரே வரிசையில் நிற்கத் தகுதி பெற்று வெகுகாலம் ஆகிறது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். கடிதம் போனது. மேரிகூட அத்தனை கடிதம் எழுதியிருக்க மாட்டாள்.

இரண்டாவது வகைக்குத்தான் நேரம் வேண்டும். ஏனென்றால் நம்மை ஆள்வதே அதுதான். பிரசன்ட் கன்டினியுவஸ். இப்போது, இந்த நொடியில் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது என்கிறது இலக்கணம். அரசாங்கம் அதைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறது. எந்த நொடியிலும் நடந்து முடியாத செயலுக்கு உரியது. ‘ஸ்டெப்ஸ் ஆர் பீயிங் டேக்கன்.’ நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. எடுக்கப்படுகிறது, சரி. எடுப்பவர் யார்? செயப்பாட்டு வினை எழுதும்போது ‘பை’ போட்டு ஆளைச் சொல்லாவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை மார்க் போகும். அமைச்சகத்துக்குப் போகாது. நடவடிக்கை தானாகவே எடுக்கப்படுகிறது. தானாகவே வருகிறது. வந்து சேர்வது மட்டும் இல்லை.

சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தை எடுங்கள். 1860-இல் டெய்லர் என்ற ஆங்கிலேயர் தொடங்கிவைத்த யோசனை. 2005 ஜூலை 2-ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் பணியைத் தொடங்கிவைத்தார். மதிப்பீடு 2,400 கோடிக்கு மேல். 2007-இல் ராமர் பாலப் பகுதியில் தோண்ட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2009-இல் தூர்வாரும் கப்பல்களும் கிளம்பிவிட்டன. அதற்குள் எழுநூறு கோடிக்கு மேல் கடலுக்குள் போயிருந்தது. அள்ளிய மண்ணை அலை மறுபடி கொண்டுவந்து கொட்டுவதற்குக் கட்டணம் கேட்கவில்லை. அந்த ஒரு வேலைதான் கடற்கரையில் இலவசமாக நடந்தது. இந்தத் திட்டம் முடிந்துவிட்டதா? இல்லை. கைவிட்டாயிற்றா? அதுவும் இல்லை. 2023 ஜனவரியில் உடனே நிறைவேற்று என்று சட்டமன்றத்தில் தீர்மானம். ‘உடனே’ என்பது எந்த டென்ஸில் சேரும் என்று எந்த இலக்கணப் புத்தகத்திலும் தேடிப் பார்க்கலாம்.

கன்டினியுவஸ் ஏற்காத வினைகள் சில உண்டு. தெரிதல், புரிதல், விரும்புதல். ‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் சுழிப்பார். தெரியும் என்றால் தெரியும், தெரிந்துகொண்டே இருக்க முடியாது. நம் தலைவர்களுக்கும் இது பொருந்தும். பாக் நீரிணை எவ்வளவு குறுகல் என்று அவர்களுக்குத் தெரியும். நம் விசைப்படகின் இழுவை மடி கடலடியைச் சுரண்டுவதும், அக்கரையில் போரில் எல்லாம் இழந்து மறுபடி கடலுக்கு வந்த தமிழ் மீனவனின் வலையை அறுப்பதும் தெரியும். இழுவை மடியை இலங்கை 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்ததும் தெரியும். தேர்தல் மேடையில் இதைச் சொன்னால் ஓட்டுப் போகும் என்பது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். அதனால் கச்சத்தீவை மீட்போம் என்கிறார்கள். 1974-இல் இலங்கைக்குக் கொடுத்ததை மீட்கும் பணி ஒவ்வொரு தேர்தலிலும் நடைபெற்று, வாக்கு எண்ணிக்கை அன்று மாலை ஓய்வு பெறுகிறது.

இழுவை மடிக்கு மாற்றுவழி சொல்லாமலும் இல்லை. அதே 2017 ஜூலை 27-ஆம் தேதி பிரதமர் மோடி ராமேஸ்வரம் வந்தார். ஆழ்கடல் மீன்பிடித் திட்டம். மூன்றே ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதில் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகள். 1,600 கோடி. ஒரு படகு 80 லட்சம். அதில் பத்து சதவீதம் மீனவர் கைக்காசு, இருபது சதவீதம் வங்கிக் கடன். காகிதத்தில் நல்ல திட்டம்தான், குறை சொல்ல முடியாது. மூன்று ஆண்டு 2020-இல் முடிந்தது. கடலில் இறங்கிய படகுகள் இலக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் திட்டம் ‘செயல்படுத்தப்பட்டு வருகிறது’. இலங்கை பிடித்துவைத்த பழைய படகோ யாழ்ப்பாணக் கரையில் நாட்டுடைமையாகி வெயிலில் வெடித்துக்கொண்டிருக்கிறது. கன்டினியுவஸ் டென்ஸை நேர்மையாகப் பயன்படுத்துவது அந்தப் படகின் பலகை ஒன்றுதான்.

மூன்றாவது, பிரசன்ட் பெர்ஃபெக்ட். செய்து முடித்தாயிற்று, அதன் பலன் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் இதைப் போட வேண்டும். சாப்பிட்டிருக்கிறேன்; வயிறு நிறைந்திருக்கிறது. அடிக்கல் நாட்டியிருக்கிறோம், அடிக்கல் இருக்கிறது. பலன் தெரிகிறதா இல்லையா? கல் தெரிகிறதே!

இந்த டென்ஸுக்கு ஒரு விதி உண்டு. எந்தத் தேதியில் நடந்தது என்று இதோடு சேர்த்துச் சொல்லக் கூடாது. ‘நேற்று’, ‘2019-இல்’ என்று போட்டால் தப்பு; அது பாஸ்ட் டென்ஸுக்குப் போய்விடும். இலக்கணத்திலேயே ஆட்சியாளர்களுக்கு மிகவும் பிடித்த விதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். சாதனைப் பட்டியலில் தேதி கேட்காதீர்கள், கேட்டால் அது இறந்தகாலம்.

நாம் கேட்போம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பயணிகளோடு ரயிலும் போயிற்று. அங்கே மறுபடி ரயில் விட 2019 மார்ச் 1-ஆம் தேதி அடிக்கல். ராமேஸ்வரத்திலிருந்து பதினேழு கிலோமீட்டர், இருநூறு கோடிக்கு மேல் மதிப்பீடு. அந்த மணலில் தண்டவாளம் போடுவது அறிவா என்று மாநில அரசு ஆட்சேபித்தது. நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கல் நடுவதற்கு முன்னால் கேட்டுவிட்டு நட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கல் நட முடியாது. கல் நடாமல் தேர்தலுக்குப் போக முடியாது.

மதுரை எய்ம்ஸ் கதை ஊர் அறிந்தது. 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்ற அறிவிப்பு, 2019 ஜனவரி 27-இல் தோப்பூரில் அடிக்கல், 2021 தேர்தல் பிரசாரத்தில் ‘இதுதான் எய்ம்ஸ்’ என்று தூக்கிக் காட்டிய ஒற்றைச் செங்கல். எங்கள் மாவட்டத்துக்கு அதில் கிடைத்த பங்கைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். 2022 ஏப்ரலில் மதுரை எய்ம்ஸில் சேர்ந்த முதல் ஐம்பது மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கிய இடம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. மதுரைக் கல்லூரி, நூறு கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரத்தில். ‘வேர் டூ யூ ஸ்டடி?’ என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் சிம்பிள் பிரசன்டில் உண்மையான பதில் சொல்லியிருக்க முடியாது. கட்டடத்துக்கு முன்னால் டாக்டர் தயாராகும் கட்டுமானம் இது.

நான்காவது பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். எப்போதோ தொடங்கி இன்னும் நீடிப்பது. ‘சின்ஸ்’ எங்கே, ‘ஃபார்’ எங்கே என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் குழம்பும். இங்கே குழப்பமில்லை. காத்துக்கொண்டிருக்கிறோம், சின்ஸ் 1974. சின்ஸ் 2005. சின்ஸ் 2019. முழு மார்க்.

இந்த டென்ஸ்களைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தின் நிலைமை என்ன? ஆறாம் வகுப்பில் டென்ஸ் அட்டவணை. பன்னிரண்டாம் வகுப்பில் அதே அட்டவணை. ஏழு ஆண்டு மனப்பாடம். தேர்வில் ‘கோ’வுக்குப் பின்னால் ‘இஎஸ்’ போட்டு மார்க் வாங்கிய பிள்ளை, வெளியூரில் வேலைக்கு நேர்முகம் போனால் வாயைத் திறக்க முடிவதில்லை. பிறகு அப்பா கடன் வாங்கி ‘முப்பதே நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்’ சேர்க்கிறார். அங்கேயும் முதல் நாள் அதே அட்டவணை. மேலே இருப்பவர்கள் இதைப் பற்றியா பேசுகிறார்கள்? மும்மொழியா இருமொழியா என்று சண்டை. மும்மொழிக் கொள்கையோடு இணைந்த பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான பள்ளிக்கல்வி நிதி 2,152 கோடியை டெல்லி நிறுத்திவைத்தது. இரண்டாவது மொழியில் ஒரு வாக்கியம் பேச வைக்கத் துப்பில்லாத தேசம், மூன்றாவது மொழிக்காகச் சோற்றுத் தட்டைப் பிடுங்கியது. சண்டை போடும் இரு தரப்புத் தலைவர்களின் பேரப்பிள்ளைகளும் எந்த அட்டவணையும் இல்லாமல் அழகாக ஆங்கிலம் பேசுகிறார்கள்.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கும் பாசிமணியும் விற்கிற அம்மாவைப் பாருங்கள். பள்ளிக்கூடம் பாதி. இந்தியில் பேரம் பேசுகிறார், வங்காளியிடம் நாலு வார்த்தை வங்காளம், வெள்ளைக்காரன் வந்தால் ஆங்கிலம். மூன்று மொழிக்கும் எந்த அமைச்சகமும் நிதி ஒதுக்கவில்லை. வினைச்சொல் எந்தக் காலத்தில் நிற்கிறது என்று அவருக்குக் கவலையில்லை. ‘ஒன் சங்கு, டூ ஹண்ட்ரட், யூ கிவ்’ என்பார். பெரிய சங்காகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ‘பேமென்ட் இஸ் பீயிங் ப்ராசஸ்ட்’ என்று அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும் யாராவது அதிகாரி. சங்கைப் பிடுங்கித் துணியில் வைத்துவிட்டு அடுத்த யாத்ரீகரைக் கூப்பிடுவார்.